கடலூரிலிருந்து கொல்லத்துக்கு ஒரு படகு: டீசல் பிக்கப்பை ட்ரெய்லர் இழுக்கத் தயார் செய்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பொங்கல் முடிந்த வாரம். கடலூர் முதுநகரில் உள்ள என் பட்டறைக்கு ஒரு படகு உரிமையாளர் வந்தார். பல வருடப் பழக்கம், என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். 6.4 மீட்டர் பைபர் படகு ஒன்றைக் கொல்லத்தில் அஷ்டமுடிக் காயலில் சுற்றுலாப் படகு விடும் ஒருவருக்கு விற்றிருந்தார். கொண்டுபோய்ச் சேர்ப்பது விற்றவர் பொறுப்பு. லாரி வாடகையோடு இரண்டு பக்கமும் கிரேன் வாடகையும் சேர்ந்தால் கட்டுப்படியாகாது என்று தன்னுடைய பிக்கப்பிலேயே இழுத்துப் போக முடிவு செய்துவிட்டார்.

வண்டி 2018 மாடல், 2.5 லிட்டர் டர்போ டீசல், 96,000 கி.மீ. ஓடியது. துறைமுகத்திலிருந்து ஐஸ் பெட்டியும் மீனும் ஏற்றிப் புதுச்சேரிக்கு ஓடிக்கொண்டிருந்த வண்டி. ட்ரெய்லர், ஐரோப்பாவில் செய்து எப்போதோ ஒரு பாய்மரப் படகோடு புதுச்சேரிக்கு வந்து, கைமாறிக் கைமாறி இவரிடம் சேர்ந்தது. ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம். பெரும்பாலும் உப்பனாற்றில் படகை இறக்கி ஏற்றத்தான் பயன்பட்டது. கடைசி மூன்று வருடம் படகைச் சுமந்தபடி தென்னை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

போக வேண்டிய தூரம் ஏறக்குறைய 550 கி.மீ. விருத்தாசலம், திருச்சி, மதுரை, ராஜபாளையம், செங்கோட்டை, அப்புறம் ஆரியங்காவு மலைப்பாதை வழியாகப் புனலூர், கொல்லம்.

"தம்பி, வண்டி இழுக்குமான்னு மட்டும் பாரு. இழுவை பத்தலைன்னா சிப் போட்டுடலாம்" என்றார். கம்ப்யூட்டரில் மாற்றம் செய்து இன்ஜின் சக்தியைக் கூட்டுவதைச் சொல்கிறார். ட்ரெய்லரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எடை மேடையில் தெரிந்தது

படகு எவ்வளவு கனம் என்றேன். "ஒரு டன் இருக்கும்" என்றார். எந்தப் பொருளைக் கேட்டாலும் இந்த ஊரில் ஒரு டன்தான். மற்ற வேலையெல்லாம் அப்புறம், முதலில் எடை மேடை என்று சொல்லிவிட்டேன்.

படகோடு ட்ரெய்லரைப் பிக்கப்பிலிருந்து கழற்றி, தனியாக நிறுத்திப் போட்ட எடை 1,480 கிலோ. ட்ரெய்லர் தட்டில் பொறித்திருந்த உச்ச அளவு 1,500. எல்லைக்குள்தான் இருக்கிறது என்று அண்ணன் சந்தோஷப்பட்டார். எனக்குக் கவலை வேறு. ட்ரெய்லரின் மூக்கு, அதாவது பிக்கப்பின் கொக்கிப் பந்தில் வந்து உட்காரும் முனை, எவ்வளவு அழுத்துகிறது? கனமெல்லாம் அச்சுக்குப் பின்னால் இருந்தால் மூக்கு லேசாகிவிடும். அப்படிப்பட்ட ட்ரெய்லர் 60, 70 கி.மீ. வேகத்தில் ஒரு பஸ் உரசிப் போனாலும் வாலை ஆட்ட ஆரம்பிக்கும். ஆட்டம் ஒவ்வொரு அசைவுக்கும் பெருகும், கடைசியில் முன்னால் இருக்கும் வண்டியையும் சேர்த்துத் திருப்பிப் போடும்.

இதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. வீட்டில் உடம்பு எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவரச் சொன்னேன். பிக்கப்பின் பந்து தரையிலிருந்து என்ன உயரமோ அதே உயரத்துக்கு ஒரு கட்டையை அறுத்து, மெஷின் மேல் நிறுத்தி, மூக்கை அதன்மேல் இறக்கினோம். உயரம் மாறினால் கணக்கும் மாறும் என்பதால் இதில் சோம்பல் கூடாது. 35 கிலோ காட்டியது. மொத்த எடையில் இரண்டரை சதவீதம்கூட இல்லை. படகு ட்ரெய்லருக்கு 7 முதல் 10 சதவீதம் வைப்பது என் வழக்கம்.

கனம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினோம். படகின் பின்பக்க அடைப்பானைத் திருகியதும் கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மழைக்காலத்துத் தண்ணீர், தளத்துக்கு அடியில் தேங்கி நின்றது. குடத்தில் பிடித்து ஊற்றியதில் எழுபது லிட்டர் தேறியது. பெட்ரோல் டேங்கில் 60 கிலோ அளவுக்குப் பழைய பெட்ரோல். முன்முனைப் பெட்டியில் நங்கூரம், சங்கிலி, இரண்டு செத்த பேட்டரி, கயிறு. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு மறுபடி எடை போட்டால் 1,290.

நங்கூரம் முன்னால் இருந்ததால் அதை எடுத்ததில் மூக்கின் கனம் கொஞ்சம் குறையத்தான் செய்தது. ஆனாலும் தண்ணீரும் பெட்ரோலும் பின்னால் இருந்தவை, அவை போனதில் கணக்கு நேராகி 55 கிலோவுக்கு வந்தது. பிறகு படகின் முகத்தைத் தாங்கும் வின்ச் கம்பத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தி 15 செ.மீ. முன்னால் நகர்த்தி, படகை அதுவரை இழுத்தோம். இப்போது 90 கிலோ. கொக்கியின் தட்டில் இருந்த எல்லை 100.

இந்த 90 கிலோ பிக்கப்பின் பின் அச்சில் 90 ஆக இறங்காது. பந்து அச்சுக்கு ஒரு மீட்டருக்கும் மேலாகப் பின்னால் தள்ளி இருப்பதால் நெம்புகோல் மாதிரி வேலை செய்து ஏறக்குறைய 125 கிலோவாக இறங்கும், முன் சக்கரத்தில் முப்பத்தைந்து கிலோ குறையும். அதனால் கழற்றிய நங்கூரத்தையும் சங்கிலியையும் பிக்கப் தொட்டியின் பின்கதவு ஓரத்தில் போடாமல் கேபினை ஒட்டிப் போடச் சொன்னேன்.

பந்து, கப்ளர், லைட்

ட்ரெய்லரின் கப்ளர், அதாவது மூக்கில் பந்தைக் கவ்விப் பூட்டும் பகுதி, 50 மி.மீ. அளவு என்று அதன்மேலேயே அச்சாகியிருந்தது. பிக்கப்பில் ஏற்கெனவே ஒரு பந்து மாட்டியிருந்தார். உதிரிபாகக் கடையில் "எல்லாம் ஒரே சைஸ்தான்" என்று கொடுத்ததாம். வெர்னியர் வைத்தால் 47.6 மி.மீ. அது ஒன்றே முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, 1⅞ அங்குலப் பந்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கப்ளரை மாட்டினால் டக்கென்று பூட்டவும் செய்தது. பூட்டிய பிறகு ட்ரெய்லர் மூக்கடியில் உள்ள சின்னச் சக்கர ஜாக்கியைச் சுற்றி மூக்கை மேலே தூக்கினேன். பிக்கப்பின் பின்பக்கம் இரண்டு விரல் அளவு எழுந்தது, அவ்வளவுதான், வழுக்கிக்கொண்டு கப்ளர் கையோடு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற டிரைவர் தம்பி ஒன்றும் பேசவில்லை. இந்தப் பந்தோடு அவர் ட்ரெய்லரைத் துறைமுகத்திலிருந்து பட்டறை வரை இழுத்து வந்திருந்தார்.

50 மி.மீ. பந்து வாங்கி மாட்டினோம். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போட்டோம். எப்போதாவது மூக்கு கழன்றாலும் தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழ வேண்டும் என்பதற்காக.

லைட்டில் ஒரு வேடிக்கை. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்கியது, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மங்கலாக எரிந்தது. எர்த் சரியில்லை என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. முன்பு யாரோ எலக்ட்ரீஷியன் பிளக்கைப் புதிதாக மாட்டியபோது கறுப்பு ஒயர்தான் எர்த் என்று நம் ஊர் வழக்கப்படி கோத்துவிட்டார். ஐரோப்பிய ஏழு முள் பிளக்கில் எர்த் வெள்ளை ஒயர், கறுப்பு இடது பக்கப் பின் விளக்கு. இரண்டையும் இடம் மாற்றி, துருப்பிடித்த எர்த் போல்ட்டைச் சுரண்டிப் பொருத்தியதும் எல்லாம் ஒழுங்காக எரிந்தது.

ட்ரெய்லருக்குத் தனிப் பதிவுச் சான்று இருந்தது, காப்பீடும் எடுத்திருந்தார். ஆனால் இழுக்கும் வண்டியின் எண்ணை ட்ரெய்லரின் பின்புறம் எழுதியிருக்கவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 61ஆம் பிரிவு அதைக் கேட்கிறது. மாநில எல்லையில் நிறுத்திக் கேட்டால் படகோடு ஓரமாக நிற்க வேண்டியதுதான். ஒரு பலகையில் எழுதி மாட்டினோம்.

பிக்கப்பில் எடுத்த முடிவுகள்

சிப் வேண்டாம் என்றேன். 1.3 டன் இழுக்க அந்த இன்ஜினுக்குச் சக்தி போதும். சக்தியைக் கூட்டினால் டீசல் கூடுதலாக எரியும், புகைபோக்கிச் சூடும் ஏறும், அந்தச் சூட்டை வெளியேற்ற ரேடியேட்டர் அதே பழைய ரேடியேட்டர்தான். அண்ணனுக்கு மனசே இல்லை. சரி, முதலில் இதைத் திறந்து காட்டுகிறேன் என்று பம்பரைக் கழற்றினேன். ஏசி கண்டென்சருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் பஞ்சும் பூச்சியும் உப்புத் தூசியும் போர்வை மாதிரி படிந்திருந்தன. ரேடியேட்டருக்குள் வெள்ளைக் காரை. கூலன்ட் குறையும்போதெல்லாம் போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். கடலோரப் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று நம் ஊர்ப் பாத்திரங்களைப் பார்த்தாலே தெரியும்.

உள்ளும் வெளியும் கழுவி, கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றி, தெர்மோஸ்டாட்டையும் ரேடியேட்டர் மூடியையும் மாற்றினோம். மூடியை யாரும் மதிப்பதில்லை. அதன் ரப்பர் வெடித்திருந்தது. அந்த மூடி தாங்கும் அழுத்தத்தால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ஒரு பார் அழுத்தம் தாங்கினால் ஏறக்குறைய 120 வரை சமாளிக்கும்.

டீசல் பில்டரில் தண்ணீரை வடித்தோம், பில்டர்களையும் இன்ஜின் ஆயிலையும் மாற்றினோம். இதெல்லாம் வழக்கமான வேலை.

பிரேக்கில்தான் அதிக நேரம் போனது. பிரேக் ஆயில் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரிக்குக் குறையாமல் கொதிநிலை உள்ளது, ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் அந்த ஆயில் கொதித்தால் பெடல் தரை தட்டும். முழுவதையும் வடித்துப் புதிதாக ஊற்றினோம்.

பின் அச்சின் மேல் ஒரு சின்னக் கம்பியோடு லோடு சென்சிங் வால்வு இருக்கும். சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுப்பது அதன் வேலை. மீன் தண்ணீர் ஒழுகி ஒழுகி அந்தக் கம்பி துருவேறி, காலி வண்டி நிலையிலேயே இறுகிக் கிடந்தது. எவ்வளவு சுமை ஏற்றினாலும் பின் பிரேக் காலி வண்டிக்கு உள்ள அளவுதான் பிடித்திருக்கும். எத்தனை மாதமாக அப்படி ஓடியதோ தெரியவில்லை. வால்வையே மாற்றினோம்.

கிளட்ச்சை நான்காவது கியரில் 40 வேகத்தில் ஓட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துப் பார்த்தேன். வேகம் ஏறாமல் சுற்று மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். வழுக்கவில்லை. மாற்றாமல் விட்டேன்.

ட்ரெய்லரின் சக்கரம்

டயரில் பட்டன் நன்றாகவே இருந்தது, பாதிகூடத் தேயவில்லை. பக்கவாட்டில் 3416 என்று நான்கு இலக்கம்: 2016ஆம் வருடத்தின் 34ஆவது வாரம் செய்தது. நகத்தால் அழுத்தினால் மயிரிழை வெடிப்புகள் வாயைத் திறந்தன. ஓடாமல் வெயிலில் நிற்கும் டயர் ஓடும் டயரைவிடச் சீக்கிரம் சாகும். சுமைக் குறியீடு 102 உள்ள டயர்கள், அதாவது ஒவ்வொன்றும் 850 கிலோ தாங்குபவை, ஸ்டெப்னியோடு சேர்த்து மூன்று வாங்கச் சொன்னேன். அண்ணன் முகம் சுருங்கியது. வாங்கினார்.

சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கும் ஹப்பைத் திறந்ததும் கிரீஸ் மோர் நிறத்தில் வழிந்தது. ஓடிச் சூடான ஹப்பை ஆற்றில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சும். பேரிங் உருளைகளில் துருப் புள்ளிகள். இரண்டு பக்கமும் பேரிங், ஆயில் சீல் புதிதாகப் போட்டு, தண்ணீருக்குக் கரையாத கிரீஸ் அடைத்தோம்.

இந்த ட்ரெய்லரின் பிரேக்கை ஓட்டுநர் தனியாகப் பிடிக்க வேண்டியதில்லை. முன்னால் வண்டி வேகம் குறைத்தால் ட்ரெய்லர் தன் கனத்தால் முன்னோக்கித் தள்ளும், அந்தத் தள்ளலில் கப்ளருக்குப் பின்னால் உள்ள தண்டு உள்ளே போய், கம்பி வழியாகச் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்கும். லைனிங் புதிதாக ஒட்டி, கம்பியை எண்ணெயிட்டு முறுக்கி வைத்தோம். படகில்லாமல் கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தோம், உருண்டது. முதுநகரைச் சுற்றி 12 கி.மீ. ஓட்டிப் பார்த்தோம். திருப்தி.

பயணம்

அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினார்கள்: டிரைவர் தம்பியும் அண்ணனும். முதல் 35 கி.மீ. நானும் கூட வந்தேன். மலைப்பாதையைப் பகலில்தான் கடக்க வேண்டும், அதனால் இரவு ராஜபாளையத்தில் தங்கல். வேகம் 60, போனால் 65. ஒவ்வொரு நிறுத்தத்திலும் லேசர் தெர்மாமீட்டரால் இரண்டு ஹப்பையும் பார்த்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

வடலூர் நான்குமுனைச் சந்திப்பைத் தாண்டி ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினோம். இறங்கும்போதே இடது சக்கரத்திலிருந்து வாடை. வலது பக்கம் பிரேக் டிரம் 46 டிகிரி, ஹப் மூடி 44. இடது பக்கம் டிரம் 112, ஹப் மூடி 64.

"பேரிங் போச்சா அண்ணே?" என்றார் தம்பி. பேரிங் சூடாகியிருந்தால் நடுவில் உள்ள மூடி முதலில் கொதிக்கும். இங்கே ஓரத்து டிரம்தான் கொதிக்கிறது, அப்படியென்றால் பிரேக் உரசுகிறது. ஜாக்கி போட்டுத் தூக்கினால் சக்கரம் அரைச் சுற்றில் நின்றது. தவறு என்னுடையதுதான். முதலில் கைப்பிரேக் கம்பியைத் தளர்த்திவிட்டு, சக்கரத்தில் லைனிங் இடைவெளியைச் சரிசெய்து, அப்புறம்தான் கம்பியை முறுக்க வேண்டும். நான் கம்பியை இறுக்கி வைத்துக்கொண்டே லைனிங்கைத் தள்ளியிருக்கிறேன். ஊரைச் சுற்றிய 12 கி.மீ. அதைக் காட்டிக் கொடுக்கப் போதவில்லை. கம்பியைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை இரண்டு கிளிக் பின்னால் விட்டதும் சக்கரம் லேசான உரசலோடு நான்கைந்து சுற்று சுற்றியது. வீல் நட்டுகளையும் அங்கேயே மறுபடி முறுக்கினோம், வலது பக்கம் ஒன்று கால் திருகு வாங்கியது. நான் பஸ் பிடித்துத் திரும்பினேன்.

அதன் பிறகு ராஜபாளையம் வரை வந்த படங்களில் எந்தப் பக்கமும் 60ஐத் தாண்டவில்லை. திருச்சிக்கு முன்னால் ஒரு ஆம்னி பஸ் உரசிப் போனபோது ட்ரெய்லர் ஒருமுறை அசைந்து அடங்கிவிட்டது என்று தம்பி சொன்னார்.

மறுநாள் காலை புளியரை எஸ் வளைவில் எம்-சாண்ட் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். இரண்டாவது கியர், ஏசி நிறுத்தம். டெம்பரேச்சர் முள் பாதியைக் கொஞ்சம் தாண்டி அங்கேயே நின்றது. ஏற்றம் அவ்வளவுதான்.

இறக்கத்தில் வேறு கதை. ஏறிய கியரிலேயே இறங்கு, பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்காதே என்று சொல்லியிருந்தேன். அது பிக்கப்புக்குச் சரி. ஆனால் இந்த வகை ட்ரெய்லர் இறக்கம் முழுவதும் முன்வண்டியைத் தள்ளிக்கொண்டேதான் வரும், தள்ளும்வரை அதன் பிரேக் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். தென்மலைக்கு முன்னால், பதிமூன்று கண் பாலத்துக்கு அருகில் வாடை தெரிந்து நிறுத்தினார்கள். டிரம் இரண்டும் 160ஐ ஒட்டி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்ததால் எனக்குப் பயமில்லை. தண்ணீர் ஊற்றக் கூடாது, டிரம் வெடிக்கும், அப்படியே ஆறட்டும் என்றேன். 25 நிமிடம் ரயில் பாலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பினார்கள். மதியத்துக்குள் கொல்லம்.

டீசல் கணக்கு: வழக்கமாக லிட்டருக்கு 12 கி.மீ. கொடுக்கும் வண்டி 8.4 கொடுத்தது.

கடைசி முப்பது மீட்டர்

வாங்கியவரின் படகுத்துறைக்கு ஒரு சரிவான சந்தில், மேட்டை நோக்கி ரிவர்ஸில் ஏற்ற வேண்டியிருந்தது. ட்ரெய்லர் நகர மறுத்தது. தம்பி கிளட்ச்சைப் பாதி விட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார், இன்ஜின் உறுமியது, ஒரு அடி நகர்ந்தது, நின்றது. நான்காவது முயற்சியில் கிளட்ச்சிலிருந்து புகை. போன் வந்தது: "அண்ணே, பிரேக் மறுபடி ஜாம் ஆயிடுச்சு."

ஜாம் ஆகவில்லை. பின்னோக்கித் தள்ளும்போதும் கப்ளர் தண்டு உள்ளேதான் போகும், பிரேக் பிடிக்கும். புதிய ட்ரெய்லர்களில் ரிவர்ஸில் பிரேக் தானாக விட்டுக்கொடுக்கும். இது பழையது, தண்டு உள்ளே போகாமல் தடுக்க கப்ளர் பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு உண்டு. ரிவர்ஸுக்கு முன் அதை மடக்கி வைக்க வேண்டும். அந்த நெம்பை நான் கழுவினேன், எண்ணெயிட்டேன், அது எதற்கு என்று தம்பியிடம் சொல்லவில்லை. பட்டறையில் ட்ரெய்லரைக் கையால் தள்ளியே நகர்த்தியதால் அது தேவைப்படவே இல்லை, நினைவுக்கும் வரவில்லை. போனில் சொன்னதும் மடக்கினார். முப்பது மீட்டரும் ஒரே ஏற்றத்தில் ஏறிவிட்டது.

என்ன மாற்றினேன்

காலி ட்ரெய்லரோடு திரும்பி வந்த வாரமே கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் மாற்ற வேண்டி வந்தது. கூலியை நான் வாங்கவில்லை.

சோதனை ஓட்டத்தை இப்போது 12 கி.மீ.யில் நிறுத்துவதில்லை. முழுச் சுமையோடு புதுச்சேரி வரை போய் வருகிறேன், வழியில் இரண்டு முறை டிரம்மைத் தொட்டுப் பார்க்க நேரம் கிடைக்கிறது. இறக்கம் உள்ள பாதையென்றால் எங்கே நிறுத்தி ஆறவிடுவது என்று கிளம்பும் முன்பே இடம் குறித்துக் கொடுக்கிறேன். மலைப்பாதை இருந்தால் கிளட்ச்சை வழுக்குகிறதா என்று பார்ப்பதோடு விடுவதில்லை, எத்தனை கி.மீ. ஓடியது என்றும் கேட்கிறேன். 96,000 ஓடிய கிளட்ச்சை இப்போதென்றால் கிளம்பும் முன்பே மாற்றச் சொல்லியிருப்பேன். நெம்பைப் பற்றித் தெரிந்திருந்தாலும் அந்தச் சந்து கிளட்ச்சுக்குச் சோதனைதான்.

பட்டறைக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் இப்போது ஓட்டுநரையே ட்ரெய்லரை ரிவர்ஸில் ஏற்றச் சொல்கிறேன். அந்தப் பழைய ட்ரெய்லரின் நெம்புக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, பக்கத்தில் "ரிவர்ஸ்" என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். தம்பி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இதை முன்னாடியே எழுதியிருக்கலாம்ல அண்ணே" என்றார்.